டெக்சாஸ் 23: ஒரு பாலைவனம் எப்படி ஓட்டுப் போடுகிறது?

சான் அன்டோனியோ நகரத்தின் மேற்குப் புறநகரில் காலையில் காரை எடுங்கள். யூஎஸ் 90 நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போய்க்கொண்டே இருங்கள். ஹோண்டோ, யுவால்டி வரை வயல்கள் தெரியும். டெல் ரியோ தாண்டியதும் மண் வெளுத்துப்போகும். மரங்கள் குட்டையாகி, முள்ளாகி, கடைசியில் புதராகிவிடும். பேகோஸ் ஆற்றின் ஆழமான பள்ளத்தை உயரமான பாலத்தில் கடந்த பிறகு, அடுத்த பெட்ரோல் பங்க் எங்கே என்று யோசித்துத்தான் வண்டி ஓட்ட வேண்டும். சாண்டர்சன், மாரத்தான், ஆல்பைன், மார்ஃபா என்று ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் சின்னச் சின்ன ஊர்கள். வான் ஹார்னில் ஐ-10 பெருஞ்சாலையில் ஏறி, ஹட்ஸ்பெத் கவுண்டிக்குள் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) நுழையும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்க வேண்டும், ஏனென்றால் அங்கே நேர மண்டலமே வேறு. பொழுது சாயும் நேரத்தில் எல் பாசோ நகரத்தின் விளக்குகள் தெரியும். கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது. இவ்வளவு தூரமும் ஒரே ஒரு காங்கிரஸ் தொகுதி. காங்கிரஸ் என்பது இங்கே அமெரிக்க நாடாளுமன்றம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் 23-ஆம் தொகுதி இது. பரப்பளவு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர். அமெரிக்க மாநிலங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இதைவிடச் சிறியவை. மெக்சிகோ எல்லையில் 800 மைலுக்கு மேல், அதாவது சுமார் 1,300 கிலோமீட்டர், இந்த ஒரு தொகுதிக்குள் வருகிறது. இத்தனைக்கும் நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினர்.

அமெரிக்கத் தேர்தல் செய்திகளைப் படிக்கும்போது வரைபடத்தில் பெரிய பெரிய சிவப்புத் திட்டுகளும் சின்னச் சின்ன நீலப் புள்ளிகளும் பார்த்திருப்பீர்கள். சிவப்பு குடியரசுக் கட்சி, நீலம் ஜனநாயகக் கட்சி. அந்தப் பெரிய திட்டுகளுக்குள் என்ன நடக்கிறது, யார் இருக்கிறார்கள், அந்தத் திட்டுக்கு யார் எப்படிக் கோடு போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள இந்தத் தொகுதியைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அதனால் இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம். நான் சொல்லும் எல்லைகள் 2021-இல் வரையப்பட்டவை. 2025 ஆகஸ்டில் டெக்சாஸ் சட்டமன்றம் மறுபடி புதிய வரைபடம் போட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு பெரிது?

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை ஏறக்குறைய நம் மக்களவை மாதிரி. மொத்தம் 435 இடங்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கும். அதை வைத்து எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று பிரிப்பார்கள். 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு டெக்சாஸுக்கு 38 இடங்கள் கிடைத்தன. அந்த 38-க்கும் எங்கே கோடு போடுவது என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்கிறது. தனியான மறுவரையறை ஆணையம் எதுவும் அங்கே இல்லை. எந்தக் கட்சி சட்டமன்றத்தில் பெரும்பான்மையோ, பென்சில் அதன் கையில்.

ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு மாநிலத்துக்குள் எல்லாத் தொகுதிகளிலும் மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும் என்று 1964-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்பு கிராமப்புறத் தொகுதி ஒன்றில் சில லட்சம் பேர், பக்கத்து நகரத் தொகுதியில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு பேர் என்று இருந்தது. ஊர்ப்புறத்து ஓட்டுக்கு எடை அதிகம். தீர்ப்புக்குப் பிறகு அது முடிவுக்கு வந்தது. இப்போது டெக்சாஸில் ஒவ்வொரு தொகுதிக்கும் கணக்கு 7,66,987 பேர்.

சரி, இந்த ஏழரை லட்சத்துச் சொச்சம் பேரைப் பாலைவனத்தில் எங்கே போய்த் தேடுவது? அங்கேதான் சிக்கல்.

லவிங் கவுண்டி என்று ஒன்று இந்தத் தொகுதியில் இருக்கிறது. 1,700 சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலம். 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 64 பேர். ஆயிரம் இல்லை, நூறு இல்லை, அறுபத்து நான்கே பேர். டெரல் கவுண்டியில் 760 பேர். ஜெஃப் டேவிஸ் கவுண்டியில் 1,996. பிரூஸ்டர் கவுண்டி டெக்சாஸிலேயே பெரியது. கனெடிகட் மாநிலத்தைவிடப் பெரியது. 16,000 சதுர கிலோமீட்டர். ஆனால் மக்கள் 9,546. இப்படிப்பட்ட கவுண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனாலும் ஏழரை லட்சம் வராது. கோடு கிழக்கே நீண்டுகொண்டே போகும். கடைசியில் ஒரு பெரிய நகரத்தின் ஓரத்தைத் தொட்டால்தான் கணக்கு நேராகும். அப்படித்தான் சான் அன்டோனியோ இருக்கும் பேயர் கவுண்டியின் ஒரு பகுதியும், எல் பாசோவின் கிழக்கு ஓரமும் இதற்குள் வந்தன.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். வரைபடத்தில் தொகுதி முழுக்கப் பாலைவனம்தான் தெரிகிறது. ஆனால் வேறெந்தக் கவுண்டியையும்விட அதிகமான வாக்காளர்கள் பேயரின் அந்தச் சின்ன ஓரத்தில் இருக்கிறார்கள். புது வீட்டு மனைகளும் சூப்பர் மார்க்கெட்டுகளும் உள்ள புறநகர் அது. அங்கே குடியிருப்பவருக்குப் பிரூஸ்டர் கவுண்டியின் வறண்ட கிணறு பல மணி நேரப் பயணத்துக்கு அப்பால் உள்ள விஷயம். 'ஒரு மனிதர், ஒரு ஓட்டு' என்ற கொள்கை நியாயமானது. நான் அதன் பக்கம்தான். இருந்தாலும் பரந்து கிடக்கும் நிலத்தில் சிதறி வாழ்பவர்கள், தங்கள் வாழ்க்கையைத் தெரியாத கூட்டத்தோடு சேர்த்துத்தான் எண்ணப்படுகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

மண்ணும் தண்ணீரும்

மேற்குப் பாதி முழுக்கச் சிவாவா பாலைவனம். மணல் மேடுகள் நிறைந்த பாலைவனம் என்று கற்பனை செய்ய வேண்டாம். கல்லும் சுண்ணாம்பும் கலந்த தரை, கிரியோசோட் புதர், கற்றாழை வகைகள், நடுநடுவே திடீரென்று எழும் மலைகள். டெக்சாஸின் மிக உயரமான குவாடலூப் சிகரம், 2,667 மீட்டர், இந்தத் தொகுதியில்தான் இருக்கிறது. பிக் பெண்ட் தேசியப் பூங்காவின் சீசோஸ் மலையில் ஏறினால் கீழே பாலைவனம், மேலே பைன் மரங்கள். இரவில் செயற்கை வெளிச்சமே இல்லாத வானம் என்பதால் ஃபோர்ட் டேவிஸ் அருகே 1930-களிலேயே மெக்டொனால்ட் வானியல் ஆய்வகம் கட்டினார்கள். 2022-இல் எல்லையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பன்னாட்டு இருள்வானக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள்.

மழை குறைவு. பெய்தால் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை இடியோடு பெய்யும். காய்ந்த ஓடையில் திடீர் வெள்ளம் வரும். மறுநாள் மண் பழையபடி வெடித்துக் கிடக்கும். ஆகவே இங்கே மற்ற எதையும்விடத் தண்ணீர்தான் அரசியல். அதை இரண்டு கதைகளில் சொல்கிறேன்.

முதலாவது ரியோ கிராண்டே ஆறு. இங்கே அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் நடுவே எல்லை இதுதான். கொலராடோ மலைகளில் பிறந்து வரும் இந்த ஆற்றின் தண்ணீரை நியூ மெக்சிகோவிலும் எல் பாசோவிலும் பாசனத்துக்கு எடுத்துவிடுகிறார்கள். எல் பாசோவுக்குக் கீழே ஆறு கிட்டத்தட்ட செத்துப்போகிறது. பிறகு பிரெசிடியோ என்ற ஊரில் மெக்சிகோவிலிருந்து வரும் கொன்சோஸ் ஆறு வந்து சேர்ந்த பிறகுதான் மறுபடி உயிர் வருகிறது. அதாவது பிக் பெண்டின் செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி மெக்சிகோவின் தண்ணீர். 1944-இல் இரண்டு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஐந்து வருடத்துக்கு 17.5 லட்சம் ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர்-அடி) தண்ணீரை மெக்சிகோ தன் கிளையாறுகளிலிருந்து கொடுக்க வேண்டும். வறட்சி வரும்போதெல்லாம் மெக்சிகோ பின்தங்கும், தெற்கு டெக்சாஸ் விவசாயிகள் கொதிப்பார்கள், அந்தப் பக்கத்துச் சிவாவா மாநில விவசாயிகளும் கொதிப்பார்கள். காவிரியைப் பற்றிப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இரண்டு நாடுகளும் சேர்ந்து டெல் ரியோ அருகே கட்டிய அணையை 1969-இல் திறந்தார்கள். அதன் பெயர் அமிஸ்தாத். ஸ்பானிய மொழியில் நட்பு என்று பொருள்.

இரண்டாவது கதை எனக்கு இன்னும் மனத்தை அறுப்பது. ஃபோர்ட் ஸ்டாக்டன் என்ற ஊரில் கமான்சி ஊற்றுகள் இருந்தன. நூற்றாண்டுகளாகப் பழங்குடிகளும் பயணிகளும் படை வீரர்களும் தண்ணீர் குடித்த இடம். அந்த ஊற்றுத் தண்ணீரை வாய்க்காலில் விட்டு ஆறாயிரம் ஏக்கர் அளவுக்கு விவசாயம் செய்தார்கள். 1940-களின் பிற்பகுதியிலும் 50-களிலும் ஊற்றுக்கு மேற்கே சில நில உரிமையாளர்கள் ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டார் வைத்து இறைத்தார்கள். ஊற்று வற்ற ஆரம்பித்தது. கீழே இருந்த விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 1954-இல் நீதிமன்றம் இறைத்தவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

காரணம், டெக்சாஸில் 'பிடித்தவருக்குச் சொந்தம்' என்ற விதி. உன் நிலத்துக்குக் கீழே உள்ள தண்ணீரை நீ எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் கிணறு வற்றினால் நீ பொறுப்பு இல்லை. 1904-இல் மாநில உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தபோது, நிலத்தடியில் நீர் ஓடுவது மனிதருக்குப் புரியாத மறைவான விஷயம், அதற்குச் சட்டம் போட முடியாது என்பது போன்ற காரணத்தைச் சொன்னது. நிலத்தடி நீரியல் என்ற அறிவியல் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. விதி இன்னும் அடிப்படையில் அதேதான். உள்ளூர் நிலத்தடி நீர் வாரியங்கள் சில வரம்புகள் போடுகின்றன, அவ்வளவுதான். 1961-க்குள் கமான்சி ஊற்றுகள் நின்றுபோயின. இன்றைக்கும் சில குளிர்காலங்களில், வயல்களுக்கு இறைப்பது நிற்கும் மாதங்களில், பழைய வாயிலிருந்து கொஞ்சம் தண்ணீர் கசிந்து வருகிறது. ஊர்க்காரர்கள் போய் நின்று பார்க்கிறார்கள்.

வாஷிங்டனுக்குப் போகும் காங்கிரஸ் உறுப்பினருக்கு இந்த விதியை மாற்றும் அதிகாரம் இல்லை. அது மாநிலச் சட்டம். ஆற்று ஒப்பந்தம் மத்திய அரசின் வேலை, கிணறு மாநிலத்தின் வேலை. பாலைவனத்துக்காரருக்குத் தண்ணீர் ஒன்றுதான். அதைக் கேட்கப் போனால் கதவுகள் இரண்டு.

வடக்கு மூலையில் வேறொரு உலகம். லவிங், ரீவ்ஸ், வார்ட், விங்க்லர் கவுண்டிகளுக்குக் கீழே பெர்மியன் படுகை. அமெரிக்காவின் மிகப் பெரிய எண்ணெய் வயல். லவிங் கவுண்டியில் குடியிருப்பவர்கள் 64 பேர் என்றேன். சாலையில் இறங்கிப் பார்த்தால் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். வேலைக்கு வருபவர்கள் தற்காலிக முகாம்களில் தங்கிவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலும் ஓட்டு வேறு ஊரில். எண்ணெய் விலை ஏறினால் பள்ளிக்கூடத்துக்கு வரிப்பணம், இறங்கினால் ஊர் காலி. பக்கத்திலேயே, பேகோஸ், அப்டன் கவுண்டிகளில், காற்றாலைகளும் சூரிய மின் பண்ணைகளும் பெருகியிருக்கின்றன.

மக்கள் குறைவு என்பதால் இந்த நிலத்தை வெறும் இடமாகப் பார்க்கும் பழக்கமும் இருக்கிறது. சியரா பிளாங்கா என்ற சிற்றூர் அருகே 1992 முதல் 2001 வரை நியூயார்க் நகரத்தின் கழிவுநீர்ச் சேற்றை ரயிலில் கொண்டுவந்து நிலத்தில் பரப்பினார்கள். மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து! அதே ஊர்ப்பக்கம் அணுக்கழிவுக் கிடங்கு ஒன்றும் கட்ட முயன்றார்கள். உள்ளூர்க்காரர்களும் எல்லைக்கு அந்தப் பக்கத்து மெக்சிகோக்காரர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். 1998-இல் மாநில ஆணையம் அனுமதி மறுத்தது.

பென்சில் பிடித்த கை

தொகுதிக் கோடுகளுக்குப் போவோம். கட்சிக்குச் சாதகமாக எல்லையை வளைத்து நெளித்துப் போடுவதற்கு ஜெரிமாண்டரிங் என்று பெயர். இந்த மண்ணுக்கு அது புதிதில்லை. யுவால்டியைச் சேர்ந்த ஜான் நான்ஸ் கார்னர் 1901-இல் டெக்சாஸ் சட்டமன்றத்தில் தொகுதி மறுவரையறைக் குழுவை நடத்தினார். தெற்கு டெக்சாஸில் புதிதாக ஒரு காங்கிரஸ் தொகுதி உருவானது. 1902-இல் அதில் அவரே நின்று வென்றார். முப்பது வருடம் உறுப்பினர், பிறகு சபாநாயகர், அதன் பிறகு ரூஸ்வெல்ட்டின் துணை ஜனாதிபதி. சப்பாத்திக்கள்ளிப் பூவை மாநிலப் பூவாக்க வேண்டும் என்று வாதாடித் தோற்றதால் அவருக்குக் 'காக்டஸ் ஜாக்' என்று பெயர்.

இன்றைய 23-ஆம் தொகுதியில் சண்டை முழுக்க ஒரு கேள்வியைச் சுற்றித்தான்: ஹிஸ்பானிக் மக்கள், அதாவது பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர், இங்கே பெரும்பான்மை, ஆனால் அவர்கள் விரும்பும் வேட்பாளர் வெல்கிறாரா?

1992-இல் ஹென்றி பொனியா என்ற குடியரசுக் கட்சிக்காரர் இந்தத் தொகுதியை வென்றார். அவரும் ஹிஸ்பானிக்தான். ஆனால் காலப்போக்கில் ஹிஸ்பானிக் வாக்காளர்கள் அவரை விட்டு விலகினார்கள். 2002-இல் நூலிழையில் தப்பினார். அடுத்த வருடமே, பத்து வருடக் கணக்கெடுப்புக்கெல்லாம் காத்திருக்காமல், டெக்சாஸ் சட்டமன்றம் நடுவில் ஒரு புதிய வரைபடம் போட்டது. லரேடோ நகரம் இருக்கும் வெப் கவுண்டியைப் பிளந்து, சுமார் ஒரு லட்சம் ஹிஸ்பானிக் மக்களைத் தொகுதிக்கு வெளியே தள்ளிவிட்டு, சான் அன்டோனியோவுக்கு வடக்கே வெள்ளையர் அதிகம் உள்ள மலைப்பகுதிக் கவுண்டிகளை உள்ளே இழுத்தார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2006 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், இது சிறுபான்மையினரின் ஓட்டுரிமையைப் பாதுகாக்கும் வாக்குரிமைச் சட்டத்தை மீறுகிறது என்று தீர்ப்பு வந்தது. நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பின் சாரம் இது: ஹிஸ்பானிக் மக்கள் தங்கள் வாய்ப்பைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்ற நேரத்தில், அந்தக் காரணத்துக்காகவே, மாநிலம் அதைப் பிடுங்கிக்கொண்டது. தொகுதியை நீதிமன்றமே மறுபடி வரைந்தது. அந்த டிசம்பரில் நடந்த இரண்டாம் சுற்றுத் தேர்தலில் பொனியா தோற்றார், ஜனநாயகக் கட்சியின் சிரோ ரொட்ரிகஸ் வென்றார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2010-இல் ரொட்ரிகஸ் தோற்று, குடியரசுக் கட்சியின் கன்செகோ வந்தார். 2011-இல் சட்டமன்றம் மறுபடி கோடு போட்டது. இந்த முறை நுட்பம் வேறு. காகிதத்தில் பார்த்தால் தொகுதியில் ஹிஸ்பானிக் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் வழக்கமாக ஓட்டுப் போடும் ஹிஸ்பானிக் பகுதிகளை வெளியே எடுத்துவிட்டு, அவ்வளவாக ஓட்டுப் போடாத ஹிஸ்பானிக் பகுதிகளை உள்ளே வைத்திருந்தார்கள். தலைக்கணக்கு அப்படியே இருக்கும், ஓட்டுக்கணக்கு மட்டும் சரியும். அந்தச் சட்டப்படி அப்போது டெக்சாஸ் புதிய வரைபடத்துக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2012-இல் வாஷிங்டன் நீதிமன்றம் இதைக் கண்டுபிடித்து அனுமதி மறுத்தது. 2017-இல் சான் அன்டோனியோவில் இன்னொரு நீதிமன்ற அமர்வும் இதே முடிவுக்கு வந்தது.

ஜெரிமாண்டரிங் என்றால் பல்லி மாதிரி நெளிந்த வடிவம் என்றுதான் பொதுவாக விளக்கம் சொல்வார்கள். 23-ஆம் தொகுதி தரும் பாடம் வேறு. வடிவத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு தெருவை எடுத்துவிட்டு இன்னொரு தெருவை வைத்தாலே போதும்.

நீதிமன்றம் போட்ட இடைக்கால வரைபடத்தில் 2012-இல் ஜனநாயகக் கட்சியின் பீட் கயேகோ வென்றார். 2014-இல் குடியரசுக் கட்சியின் வில் ஹர்ட் வென்றார். சிஐஏவில் வேலை பார்த்தவர். டெக்சாஸிலிருந்து குடியரசுக் கட்சி சார்பில் காங்கிரஸுக்குப் போன முதல் கறுப்பினத்தவர். மூன்று முறை வென்று, பிறகு ஒதுங்கிக்கொண்டார். 2021-இல் வரைந்த கோடுகள் தொகுதியைக் குடியரசுக் கட்சிக்குத் தெளிவாகச் சாய்த்துவிட்டன. 2025-இல் நடந்தது 2003-இன் மறுபதிப்பு: பத்து வருடத்துக்கு நடுவில் மாநிலம் முழுவதற்கும் புதிய வரைபடம், மறுபடி வழக்கு. 2026 தேர்தலுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

எல்லை என்ற பிழைப்பு

தொலைக்காட்சியில் எல்லை என்றால் சுவர், கூட்டம், கூச்சல். ஈகிள் பாஸிலோ பிரெசிடியோவிலோ குடியிருப்பவருக்கு அது அத்தை வீடு, பல் டாக்டர், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. பிக் பெண்ட் பூங்காவுக்கு எதிர்க்கரையில் போக்கியாஸ் என்ற மெக்சிகோ கிராமம் இருக்கிறது. துடுப்புப் படகில் ஆற்றைக் கடந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவது வழக்கமாக இருந்தது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2002 மே மாதம் அந்தத் துறையை மூடினார்கள். பயணிகளை நம்பியிருந்த கிராமம் வெறிச்சோடியது. பல குடும்பங்கள் ஊரை விட்டே போயின. 2013-இல்தான் மறுபடி திறந்தார்கள்.

எல்லைக் காவல் இங்கே பெரிய வேலைவாய்ப்பும்கூட. மார்ஃபாவைத் தலைமையிடமாகக் கொண்ட பிரிவு மட்டும் 517 மைல் ஆற்றங்கரையைப் பார்த்துக்கொள்கிறது. எல்லைக் காவல் படையில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஹிஸ்பானிக். நல்ல சம்பளம், ஓய்வூதியம், சொந்த ஊரிலேயே வேலை. வேறென்ன இருக்கிறது அங்கே? ஹிஸ்பானிக் என்றால் எல்லையைத் திறந்துவிடச் சொல்வார்கள் என்று தூரத்திலிருந்து நினைப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

சுவர் விஷயத்திலும் அப்படியே. ஹர்ட் குடியரசுக் கட்சிக்காரராக இருந்தும், கடற்கரை முதல் கடற்கரை வரை சுவர் என்பது மிகச் செலவான, மிகக் குறைந்த பலன் தரும் வழி என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாந்தா எலெனா பள்ளத்தாக்கில் ஆற்றின் இரண்டு பக்கமும் 450 மீட்டர் உயரத்துக்குப் பாறை. அங்கே எதற்குச் சுவர்? மேலும் டெக்சாஸில் ஆற்றங்கரை நிலம் பெரும்பாலும் தனியார் சொத்து. தலைமுறை தலைமுறையாக மாடு மேய்க்கும் குடும்பத்தின் நிலத்தை அரசு எடுத்தால்தான் சுவர் எழும்பும். அந்தக் குடும்பமும் குடியரசுக் கட்சிக்கே ஓட்டுப் போடும். நிலத்தை மட்டும் விடாது.

அதே நேரம், நெருக்கடி வந்தபோது அதைத் தாங்கியதும் இந்தச் சின்ன ஊர்கள்தான். 2021 செப்டம்பரில் டெல் ரியோ பாலத்துக்கு அடியில் 15,000 பேர் வரை, பெரும்பாலும் ஹைட்டிக்காரர்கள், வந்து தங்கினார்கள். ஊரின் மக்கள்தொகையே 35,000-க்குள். 2024 ஜனவரியில் ஈகிள் பாஸ் நகராட்சியின் ஷெல்பி பூங்காவை மாநிலப் படை கைப்பற்றி வேலி போட்டு, மத்திய எல்லைக் காவலர்களையே உள்ளே விட மறுத்தது. ஆளுநருக்கும் ஜனாதிபதிக்கும் நடந்த சண்டை அது. ஊர்க்காரர்கள் மாலையில் நடைபழகும் பூங்கா அது என்பது செய்திகளில் அதிகம் வரவில்லை.

2022 மே 24 அன்று யுவால்டி தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 376 காவலர்கள் வந்து நின்றார்கள். அதில் 149 பேர் எல்லைக் காவலர்கள். உள்ளே நுழைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அப்போது உறுப்பினராக இருந்த டோனி கொன்சாலஸ், முன்னாள் கடற்படை வீரர், அடுத்த மாதம் வந்த துப்பாக்கிப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். அவர் கட்சியில் சபையில் அப்படிச் செய்தவர்கள் 14 பேர்தான். இதையும் வேறு சில ஓட்டுகளையும் காரணம் காட்டி 2023-இல் மாநிலக் கட்சி அவர்மீது கண்டனத் தீர்மானம் போட்டது. 2024-இல் உட்கட்சித் தேர்தலின் இரண்டாம் சுற்றில், துப்பாக்கி வீடியோக்களால் பிரபலமான ஒரு யூடியூபரிடம் சுமார் 400 ஓட்டு வித்தியாசத்தில் தப்பினார். அதே யுவால்டி கவுண்டி 2022 நவம்பரில் குடியரசுக் கட்சி ஆளுநர் அபாட்டுக்குச் சுமார் 60 சதவீத ஓட்டைக் கொடுத்தது. எனக்கு இது முதலில் விளங்கவில்லை. வேட்டையும் துப்பாக்கியும் சிறுவயதிலிருந்தே வீட்டில் இருக்கும் ஊரில், துக்கமும் பழக்கமும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன என்று மட்டும் இப்போது புரிகிறது.

நிறம் மாறும் கவுண்டிகள்

சவாலா கவுண்டியில் கிறிஸ்டல் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். கீரை விளையும் ஊர். கீரை தின்று பலம் பெறும் கார்ட்டூன் மாலுமி பாப்பாய்க்கு 1937-இலேயே சிலை வைத்தார்கள். பள்ளியில் பெரும்பான்மை மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள். ஆனால் விளையாட்டு மைதானத்தில் உற்சாகமூட்டும் பெண்கள் குழுவில் அவர்களுக்கு ஒரே ஓர் இடம்தான். 1969 டிசம்பரில் மாணவர்கள் பள்ளியைப் புறக்கணித்து வெளியே வந்தார்கள். 1970 ஜனவரியில் லா ராசா உனிடா என்ற கட்சி அங்கே பிறந்தது. சில மாதங்களில் பள்ளி வாரியத்தையும் நகராட்சியையும் பிடித்தது. தெற்கு டெக்சாஸின் மெக்சிகோ-அமெரிக்க அரசியலுக்கு இது ஒரு பிறப்பிடம்.

பிறகு பல பத்தாண்டுகள் இந்தக் கவுண்டிகள் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. 2016-இல் ஈகிள் பாஸ் இருக்கும் மாவரிக் கவுண்டியில் நான்கில் மூன்று பங்கு ஓட்டு ஹிலாரி கிளிண்டனுக்கு. 2024-இல் அதே கவுண்டி டிரம்புக்கு. எட்டே வருடம். எண்ணெய் வேலை, எல்லைக் காவல் வேலை, தேவாலயம், விலைவாசி, ஆற்றங்கரையில் பார்த்த கூட்டம் என்று பல காரணம் சொல்கிறார்கள். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்மைதான் என்பது என் கணிப்பு. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: நிச்சயமாக நமக்கே என்று ஒரு கட்சி நினைத்த ஊருக்கு அந்தக் கட்சி அடிக்கடி வருவதில்லை.

வருவதும் லேசு இல்லை. வேட்பாளர் விளம்பரம் கொடுக்க வேண்டுமென்றால் சான் அன்டோனியோ, எல் பாசோ, மிட்லண்ட்–ஒடெசா என்று தனித்தனித் தொலைக்காட்சிச் சந்தைகள். நேரில் போவதென்றால் கார்தான். ஹர்ட் ஊர் ஊராகப் போய் டெய்ரி குவீன் ஐஸ்கிரீம் கடைகளில் கூட்டம் போட்டார். சின்ன ஊரில் எல்லாரும் வந்துபோகும் இடம் அதுதான். இருபது பேர் வருவார்கள். அந்த இருபது பேருக்காக இரண்டு மணி நேரம் ஓட்டிப் போவது வீண் என்று கணக்குப் பார்ப்பவர்கள் சொல்வார்கள்.

2018 நவம்பர் 6 அன்று ஹர்ட்டும் ஜனநாயகக் கட்சியின் ஜீனா ஓர்ட்டிஸ் ஜோன்ஸும் மோதினார்கள். எல் பாசோ பக்கம் வாக்குச்சாவடி ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் மூடும். இரவில் ஹர்ட் வென்றார் என்று செய்தி வந்தது. பிறகு ஜோன்ஸ் முன்னிலை. வென்றதாகச் சொன்னதைத் திரும்பப் பெற்றார்கள். விடிவதற்குள் மறுபடி ஹர்ட். முடிவு தெளிவாகாததால் ஜோன்ஸ் புதிய உறுப்பினர்களுக்கான அறிமுகக் கூட்டத்துக்கு வாஷிங்டன் போய்க்கூட வந்தார். பதின்மூன்று நாள் கழித்துத்தான் தோல்வியை ஒப்புக்கொண்டார். இரண்டு லட்சத்துக்கு மேல் பதிவான ஓட்டுகளில் வித்தியாசம் 926. டெரல் கவுண்டியையும் லவிங் கவுண்டியையும் சேர்த்தால் அங்கே குடியிருக்கும் குழந்தை முதல் கிழவர் வரை எல்லாரும் 824 பேர்.